நான்கு நட்சத்திரம் போட்டவர் ஏன் டி.சி. வாங்கினார்?

கேள்வி: தென்மாவட்டம் ஒன்றில் அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராகப் பணியாற்றுகிறேன். மாற்றுத்திறனாளி மாணவர் நலப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. சென்ற ஆகஸ்டில், வளாக வசதிகள் பற்றி மாற்றுத்திறனாளி மாணவர்கள் எவ்வளவு திருப்தியாக இருக்கிறார்கள் என்று அறிய ஒரு கூகுள் படிவம் தயாரித்து வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன். சாய்தளம், கழிப்பறை, நூலகம், தேர்வுக்கூடம் என்று பத்துத் தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நட்சத்திரம் வரை போடலாம். சராசரி நான்குக்கு மேல் வந்தது. முதல்வர் மகிழ்ந்துபோனார். ஜனவரியில் இரண்டாமாண்டு இயற்பியல் மாணவர் ஒருவர் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டார். தசைச்சிதைவு நோய் உள்ளவர். விண்ணப்பத்தில் 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதியிருந்தார். படிவத்தைத் தேடிப் பார்த்தேன். அவரும் எல்லாவற்றுக்கும் நான்கு நட்சத்திரம் போட்டிருந்தார். இயற்பியல் ஆய்வகம் இரண்டாம் மாடியில் இருக்கிறது, லிப்ட் இல்லை. இதை முதல்வரிடம் சொன்னால், "அவரே திருப்தி என்றுதானே எழுதியிருக்கிறார்?" என்கிறார். நான் கேட்ட விதத்தில் பிழையா? இனி எப்படிக் கேட்பது? முதல்வரிடம் என்ன சொல்வது?

பதில்:

அன்புள்ள பேராசிரியருக்கு, வணக்கம்.

கட்டடங்களின் அணுகல்தன்மையைத் தணிக்கை செய்வது என் தொழில். கல்லூரிகள் என்னை அழைக்கும்போது முதலில் கையில் கொடுப்பது பெரும்பாலும் உங்களுடையதைப் போன்ற ஒரு கணக்கெடுப்பைத்தான். நான்குக்குக் குறைந்த சராசரி அதில் அபூர்வம். அதனால் உங்கள் எண் எனக்கு வியப்பளிக்கவில்லை. நீங்கள் அந்த மாணவரின் படிவத்தைத் தேடி எடுத்துப் பார்த்ததுதான் வியப்பு. அதைச் செய்பவர்கள் குறைவு.

ஆனால் அந்தத் தேடலிலேயே முதல் சிக்கல் தெரிகிறது. அவர் நான்கு போட்டார் என்பது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? படிவத்தில் பெயரோ பதிவெண்ணோ கேட்டிருக்கிறீர்கள். உள்மதிப்பீட்டு மதிப்பெண் போடுபவரும், உதவித்தொகை விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கித் தருபவரும், தேர்வுக்குச் 'சொல்வதை எழுதுபவரை' ஏற்பாடு செய்பவரும் நீங்களோ உங்கள் பக்கத்து அறைக்காரரோதான். அப்படிப்பட்டவர் 'நம் கழிப்பறை எப்படி இருக்கிறது?' என்று கேட்டால், பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒரு நட்சத்திரம் போடுவானா? வீட்டில் அவனுக்குச் சொல்லி அனுப்பியிருப்பார்கள்: 'இடம் கொடுத்ததே பெரிது, எதுவும் பேசி வைக்காதே.' மாற்றுத்திறனாளி மாணவர்களின் பெற்றோரிடம் இந்த வாக்கியத்தை நான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். உங்கள் நட்சத்திரங்களில் பாதி நன்றிக் கடனுக்கு விழுந்தவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்கள் அந்தப் படிவத்தை எப்படி நிரப்பினார்கள் என்று விசாரித்தீர்களா? திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளை வைத்துக்கொண்டு தானே நிரப்பியிருக்கலாம். பக்கத்தில் இருந்த நண்பன், 'எத்தனை போடட்டும்? நான்கு போட்டுவிடவா?' என்று கேட்டு அழுத்தியிருக்கவும் வாய்ப்பு உண்டு. கைபேசித் திரையில் பத்து வரிசை நட்சத்திரங்களைக் காதால் கேட்டுத் தடவித் தேர்ந்தெடுப்பது சலிப்பூட்டும் வேலை. நண்பன் கை வேகமானது.

இதெல்லாம் படிவத்தின் குறை, திருத்திவிடலாம். திருத்த முடியாத குறை ஒன்று 'திருப்தியா?' என்ற கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அதற்குச் சற்று விலகிப் போக வேண்டும்.

வங்கப் பஞ்சம் வந்த மறு ஆண்டு, 1944-ல், கல்கத்தாவுக்கு அருகே உள்ள சிங்கூரில் அகில இந்தியத் தூய்மையியல், பொதுச் சுகாதார நிறுவனம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. துணையை இழந்தவர்களிடம் அவர்களது உடல்நலத்தைப் பற்றிக் கேட்டார்கள். மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் நோயுற்றிருப்பதாகவோ உடல்நிலை சுமார்தான் என்றோ சொன்னார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம் மட்டுமே. அந்தக் காலத்து வங்கக் கிராமத்தில் விதவைகள் எப்படி உண்டார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்பது தெரிந்த எவரும் இந்த எண்ணைப் படித்துவிட்டு 'விதவைகள் நலமாக இருந்தார்கள்' என்று முடிவுகட்ட மாட்டார்கள். பொருளியலாளர் அமர்த்தியா சென் இந்த எண்களை எடுத்துக்காட்டியதும் அதற்காகத்தான். நெடுங்காலம் இல்லாமையிலேயே இருப்பவர்கள் தங்கள் எதிர்பார்ப்பை அதற்கேற்பச் சுருக்கிக்கொள்கிறார்கள். பிறகு அந்தச் சுருங்கிய எதிர்பார்ப்பை வைத்துத்தான் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள்.

இதே சென் காட்டிய மறுபக்கமும் உண்டு. இந்திய மாநிலங்களில் ஆயுட்காலம் மிக நீண்டது கேரளத்தில். 'எனக்கு இன்ன நோய்' என்று கணக்கெடுப்பில் அதிகம் சொல்பவர்களும் கேரளத்தவர்களே. பள்ளியும் மருத்துவமனையும் குறைவாக இருந்த பீகாரில் அப்படிச் சொல்பவர்கள் குறைவு. படித்தவருக்கும் மருத்துவரைப் பார்த்துப் பழகியவருக்கும் எது நோய் என்று தெரிகிறது. சொன்னால் பலன் உண்டு என்ற நம்பிக்கையும் இருக்கிறது.

உங்கள் இயற்பியல் மாணவரை இப்போது நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு ஆண்டு பள்ளியில் சாய்தளம் என்ற ஒன்றையே அவர் பார்த்திருக்க மாட்டார். அப்பாவோ அண்ணனோ தூக்கிக்கொண்டு போய் வகுப்பில் உட்கார வைத்திருப்பார்கள். உங்கள் கல்லூரியில் முகப்பிலாவது ஒரு சாய்தளம் இருக்கிறது, தனியாக ஒரு கழிப்பறை இருக்கிறது. அவருடைய அளவுகோலில் நான்கு நட்சத்திரம் என்பது நேர்மையான விடை. இன்னொன்றும் உண்டு. தசைச்சிதைவு ஒரே நிலையில் நிற்கும் நோய் இல்லை. ஆகஸ்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு மாடி ஏற முடிந்தவருக்கு ஜனவரியில் அது முடியாமல் போயிருக்கலாம். உங்கள் படிவம் ஆண்டுக்கு ஒரு முறை கேட்கிறது. நோய் அந்த அட்டவணைப்படி நடப்பதில்லை.

ரொனால்ட் மேஸ் என்றொரு அமெரிக்கக் கட்டடக் கலைஞர் இருந்தார். சிறுவயதில் போலியோ வந்து சக்கர நாற்காலிக்கு வந்தவர். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் கட்டடக் கலை படித்தபோது, வகுப்புக்குப் போக அவரைப் படிகளில் தூக்கிக்கொண்டு ஏறி இறங்க வேண்டியிருந்தது. 1966-ல் பட்டம் பெற்றார். 'அனைவருக்குமான வடிவமைப்பு' என்ற கருத்தை உலகெங்கும் பரப்பியவர்களில் முதன்மையானவர் அவர். 1973-ல் வட கரோலினா ஏற்றுக்கொண்ட அணுகல் கட்டட விதிகள் உருவானதில் அவருக்குப் பங்கு உண்டு. தான் படித்த பல்கலைக்கழகத்திலேயே அவர் நிறுவிய மையத்திலிருந்துதான் 1997-ல் அந்த வடிவமைப்பின் ஏழு கோட்பாடுகள் வெளிவந்தன. 1966-ல் யாராவது அவரிடம் நட்சத்திரப் படிவம் நீட்டியிருந்தால் எத்தனை போட்டிருப்பாரோ! தூக்கிவிட்ட நண்பர்களை நினைத்து ஐந்தும் போட்டிருக்கக்கூடும்.

சரி, இனி எப்படிக் கேட்பது? 'திருப்தி' என்ற சொல்லையே படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள். கருத்துக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். கருத்தில் நன்றியும் பயமும் கலக்கும். 'கடந்த வாரம் நூலகத்துக்குப் போனாயா? போகவில்லை என்றால் ஏன்?' என்ற கேள்விக்கு வரும் விடையில் அவை கலப்பது கடினம்.

நான் கேட்கும் கேள்விகளில் சிலவற்றைச் சொல்கிறேன். இந்த வாரம் வளாகத்தில் போக நினைத்துப் போகாமல் விட்ட இடம் எது? நேற்று ஒரே நாளில் எத்தனை முறை இன்னொருவரை உதவிக்குக் கூப்பிட வேண்டியிருந்தது, எதற்காக? கல்லூரி நேரத்தில் கழிப்பறைக்குப் போகிறாயா, அல்லது வீடு போய்ச் சேரும்வரை பொறுத்துக்கொள்கிறாயா? காலையில் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறாயா? இந்தக் கடைசிக் கேள்வியை மாணவிகளிடம் ஒரு பேராசிரியை தனியாகக் கேட்க வேண்டும். வளாகத்தில் நம்பிப் போகக்கூடிய கழிப்பறை இல்லாத இடங்களில் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். மாதவிடாய் நாட்களில் விடுப்பு எடுக்கிறார்கள். வருகைப் பதிவேட்டில் அது 'உடல்நலக் குறைவு' என்று பதிவாகும். யாரும் அதைக் கட்டடத்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

விருப்பப் பாடம் பற்றியும் கேளுங்கள். எந்தப் பாடத்தை எடுக்க நினைத்தாய், எதை எடுத்தாய், ஏன்? ஆய்வகம் மாடியில் இருப்பதால் இயற்பியலை விட்டுவிட்டு வரலாற்றில் சேர்ந்தவர்கள், கணினி அறை மேலே இருப்பதால் வேறு தாளை எடுத்தவர்கள் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறார்கள். தங்கள் துறையில் அவர்கள் நன்றாகவே படிக்கிறார்கள், புகாரும் இல்லை. ஒரு மனிதனின் வாழ்க்கைத் தொழிலையே மாடிப்படி தீர்மானித்துவிட்டது என்பது எந்தப் படிவத்திலும் வராது.

பெற்றோரையும் விட்டுவிடாதீர்கள். காலையில் மகனைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, மதியம் கழிப்பறைக்கு அழைத்துப்போக வேண்டும் என்பதற்காக மாலைவரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் உங்கள் வளாகத்திலும் இருக்கலாம். நான் தணிக்கைக்குப் போன இடங்களில் வாயில் காவலர்களுக்கு அவர்களைப் பெயர் சொல்லித் தெரிந்திருக்கும், முதல்வர்களுக்குத் தெரியாது. அந்தத் தாய் கூலி வேலைக்குப் போகிறவராக இருந்தால், உங்கள் கழிப்பறையின் குறைக்கு அந்தக் குடும்பம் நாள்தோறும் ஒரு நாள் கூலியைக் கட்டுகிறது. 'குடும்பச் சூழ்நிலை' என்று அந்த மாணவர் எழுதியது பொய்யாக இல்லாமலும் இருக்கலாம்.

கேள்விகளை நீங்கள் கேட்க வேண்டாம். வேறு கல்லூரியின் சமூகப்பணித் துறை, உங்கள் ஊரில் இயங்கும் மாற்றுத்திறனாளிகள் சங்கம் என்று உங்கள் மாணவர்கள் மீது எந்த அதிகாரமும் இல்லாத ஒருவர் கேட்கட்டும். பெயர் வேண்டாம். ஒரு துறையில் ஒரே ஒரு பார்வை மாற்றுத்திறனாளி இருந்தால் 'துறை', 'ஆண்டு' என்று கேட்பதே பெயரைக் கேட்பதுதான், அதையும் விடுங்கள்.

யாரிடம் கேட்பது என்பதையும் விரிக்க வேண்டும். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைத்தான் சொன்னது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொன்றைச் சொல்கிறது. கற்றல் குறைபாடு, மனநலம் சார்ந்த குறைபாடு, ஹீமோபிலியா, தலசீமியா எல்லாம் அதில் உண்டு. உங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்கள் அடையாள அட்டை கொடுத்துச் சேர்ந்தவர்கள். ஒரு காது கேளாததை மறைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவரும், எழுத்துகள் இடம் மாறித் தெரிவதால் 'மக்கு' என்று பெயர் வாங்கியவரும் அந்தக் குழுவில் இல்லை. அதனால் வளாகம் பற்றிய கேள்விகளை எல்லா மாணவர்களிடமும் கேளுங்கள். கால் முறிந்து கட்டோடு வருபவர், கர்ப்பிணி ஆராய்ச்சி மாணவி, மூட்டு வலியுள்ள அலுவலக உதவியாளர் ஆகியோரின் விடைகளும் உங்களுக்கு வேண்டும்.

இவ்வளவு கேட்ட பிறகும் பாதிதான் தெரியும். மீதிக்கு நடந்து பார்க்க வேண்டும். ஒரு சக்கர நாற்காலி மாணவர், ஒரு பார்வை மாற்றுத்திறனாளி மாணவர், காது கேளாத ஒருவர் ஆகியோரோடு, வளாகப் பராமரிப்புப் பொறியாளரையும் அழைத்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்திலிருந்து தொடங்குங்கள். வாயில், வகுப்பு, கழிப்பறை, நூலகம், உணவகம், கட்டணம் செலுத்தும் ஜன்னல், தேர்வுக்கூடம், மீண்டும் பஸ் நிறுத்தம். மாணவருக்கு அந்த நாளுக்கு ஒரு மதிப்பூதியம் கொடுங்கள். அவர் தருவது தொழில்முறை ஆலோசனை. என்னைப் போன்றவர்களுக்குக் கட்டணம் கொடுக்கிறீர்கள், அவர்களிடம் இலவசமாக வாங்குகிறீர்கள். நடக்க முடிந்தவர்களைச் சக்கர நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் 'புரிந்துகொள்ளச்' செய்யும் நிகழ்ச்சி மட்டும் வேண்டாம். புகைப்படமும் பரிதாபமும்தான் மிஞ்சும்.

கையில் அளவு நாடா இருக்கட்டும். சாய்தளத்தின் சரிவு 1:12, அதாவது ஒரு அடி உயர்வுக்குப் பன்னிரண்டு அடி நீளம். மூன்று படி ஏறித்தான் உங்கள் முகப்பு வருகிறது என்றால் உயரம் சுமார் 45 சென்டிமீட்டர், சாய்தளம் 5.4 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். நம் கல்லூரிகளில், தரத்தை மதிப்பிட நாக் குழு வரும் மாதத்தில் சிமென்ட் பூசி முடிக்கப்படும் சாய்தளங்கள் பெரும்பாலும் இரண்டு மீட்டருக்குள் முடிந்துவிடும். அதில் சக்கர நாற்காலி ஏறாது. இரண்டு பேர் தள்ளினால் ஏறும், இறங்கும்போது முன்பக்கமாகக் கவிழும். அறிக்கையில் இணைக்கப்படும் புகைப்படத்தில் சரிவு தெரியாது. முதல்வர் அதைப் பார்த்துவிட்டு 'சாய்தளம் இருக்கிறதே' என்கிறார்; மாணவரும் படிவத்தில் 'இருக்கிறது' என்று நினைத்து நான்கு போடுகிறார். அந்தச் சாய்தளத்தின் அடியில் யார் பைக்கை நிறுத்துகிறார்கள் என்றும் பாருங்கள். பெரும்பாலும் ஆசிரியர்கள்தான்.

தனிக் கழிப்பறைக்குப் போனால் முதலில் சாவியைக் கேளுங்கள். காவலரிடம் இருக்கும். காவலர் டீ குடிக்கப் போயிருப்பார். திறந்தால் உள்ளே துடைப்பமும் பினாயில் கேனும் உடைந்த மேசையும் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். கதவுத் திறப்பு 90 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் அல்லது நகரும் கதவாக இருக்க வேண்டும், உள்ளே நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் வேண்டும். இந்த மூன்றும் இருந்தாலும், பூட்டியிருந்தால் அது கழிப்பறை இல்லை.

பார்வையற்றவருக்கான தொடுஉணர்வு ஓடுகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று பின்தொடருங்கள். முகப்பிலிருந்து புறப்பட்டுப் பூந்தொட்டியிலோ தூணிலோ முட்டி நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். நூலகத்தில் பிரெய்ல் புத்தகம் இருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதைவிட அவசரமான ஒன்று, ஆசிரியர்கள் அனுப்பும் பாடக் குறிப்புகள். கரும்பலகையைக் கைபேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் பல திரைவாசிப்பான்களுக்கு அது வெறும் படம். தமிழ்த் துறையில் இன்னொரு வினை: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். திரைவாசிப்பான் அதை உளறலாகப் படிக்கும். யூனிகோடில் தட்டச்சு செய்தால் என்விடிஏ என்ற இலவச மென்பொருளே அதைத் தமிழில் வாசித்துக் காட்டும். இதற்கு ஒரு சுற்றறிக்கை போதும்.

காது கேளாதவருக்கு மின்விசிறியின் இரைச்சலும், பலகையைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தும் ஆசிரியரின் முதுகும்தான் பெரிய தடைகள். கருவி பொருத்தியவருக்கு இரைச்சலும் சேர்ந்தே பெரிதாகும். உதட்டசைவைப் படிப்பவருக்கு முதுகிலிருந்து எதுவும் கிடைக்காது. சென்னை மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைந்த மாணவர்களுக்கென்றே தனிப் பட்ட வகுப்புகள் நடக்கின்றன. அதற்காக மற்ற கல்லூரிகள் 'அவர்கள் அங்கே போகட்டும்' என்று இருந்துவிட முடியாது. குறிப்புகளை முன்கூட்டியே எழுத்தில் கொடுப்பது எந்த ஆசிரியருக்கும் முடியும்.

தேர்வுக்கூடத்தில் நேரத்தைக் கணக்கிடுங்கள். ஒன்றிய அரசின் வழிகாட்டுதல்படி ஒரு மணி நேரத்துக்கு இருபது நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம். மூன்று மணித் தேர்வு என்றால் நான்கு மணி. அந்த நான்காவது மணியில் என்ன நடக்கிறது? விடைத்தாள் கட்டுவதற்குக் காத்திருக்கும் கண்காணிப்பாளர் கடிகாரத்தைப் பார்ப்பார், மற்றவர்கள் வராந்தாவில் வினாத்தாள் பற்றிச் சத்தமாகப் பேசுவார்கள், மதியத் தேர்வுக்கு பெஞ்சு இழுக்கும் சத்தம் தொடங்கும். கூடுதல் நேரம் 'கொடுக்கப்பட்டது' என்று பதிவேட்டில் இருக்கும். எத்தனை மாணவர்கள் அதை முழுக்கப் பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள். உங்கள் நட்சத்திரங்களைவிட அந்த எண் அதிகம் சொல்லும்.

இனி முதல்வர். அவரைப் பகைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் 'மாணவர்களுக்குத் திருப்தி' என்பது சட்டத்தின் முன் விடையே ஆகாது என்பதை அவர் தெரிந்துகொள்ள வேண்டும். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, அரசு நிதியோ அங்கீகாரமோ பெறும் கல்வி நிறுவனங்கள் கட்டடத்தையும் வளாகத்தையும் அணுகத்தக்கதாக ஆக்க வேண்டும் என்கிறது. கல்விக்காகப் பொதுமக்கள் பயன்படுத்தும் கட்டடங்களும் 'பொதுக் கட்டடம்' என்ற விளக்கத்துக்குள் வருகின்றன. 45-ஆம் பிரிவின்படி ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை விதிகள் வெளியானதிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் சரிசெய்திருக்க வேண்டும். விதிகள் வந்தது ஜூன் 2017-ல். கணக்கு போட்டுக்கொள்ளலாம். மீறினால் 89-ஆம் பிரிவில் அபராதம்: முதல் முறை பத்தாயிரம் ரூபாய் வரை, அதற்குப் பிறகு ஐம்பதாயிரம் முதல் ஐந்து லட்சம் வரை. ராஜீவ் ரத்தூரி வழக்கில் 2024 நவம்பர் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரை போல வைத்திருந்த 15-ஆம் விதி சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்து, கட்டாய விதிகளை மூன்று மாதத்துக்குள் வகுக்கச் சொன்னது. யுஜிசியும் 2022-ல் உயர்கல்வி நிறுவனங்களுக்கென்று தனி அணுகல் வழிகாட்டுதல்களை வெளியிட்டிருக்கிறது. இவற்றில் எங்கேயும் 'மாணவர் புகார் சொன்னால்' என்ற நிபந்தனை இல்லை. தீயணைப்புக் கருவி வாங்குவதற்கு முன் மாணவர்களிடம் திருப்திக் கணக்கெடுப்பு நடத்துவதில்லையே.

முதல்வர் அடுத்துச் சொல்லப்போவது 'நிதி இல்லை'. பாதி உண்மை. லிப்ட்டுக்குப் பெரும் பணம் வேண்டும். அரசு உதவி பெறும் கல்லூரிச் செயலரின் சங்கடம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் நடந்து பார்த்துவிட்டுக் கொண்டுவரும் பட்டியலில் பாதிக்கு மேல் செலவில்லாதவையாக இருக்கும். கழிப்பறைப் பூட்டைக் கழற்றுவது, சாய்தளத்து அடியில் பைக் நிறுத்தத் தடை, யூனிகோடு சுற்றறிக்கை, தேர்வுக்கூடத்துக்கு அமைதியான தனி அறை. எல்லாவற்றுக்கும் மேலாகக் கால அட்டவணை. மாடி ஏற முடியாத மாணவர் ஒருவர் இருக்கும் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்ற ஒரு ரூபாயும் ஆகாது. அறை எண்ணை மாற்றி எழுதினால் முடிந்தது. கடினமானது இரண்டாம் மாடி ஆய்வகம்தான். அங்கேயும், எடை குறைந்த, இடம் மாற்றக்கூடிய கருவிகளை வைத்துச் செய்யும் சோதனைகளுக்குத் தரைத்தளத்தில் ஓர் அறை ஒதுக்கலாம். மொத்த வகுப்பும் அங்கே வந்து செய்யட்டும். அவரை மட்டும் தனியாக ஓர் அறையில் உட்கார வைக்காதீர்கள்.

முதல்வரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியது ஒன்று உண்டு. இதையெல்லாம் செய்த பிறகு அடுத்த ஆண்டு புகார்கள் கூடும். பழைய படிவத்தையே மீண்டும் அனுப்பினால் சராசரி குறையவும் கூடும். ஒரு பூட்டு திறந்ததைப் பார்த்த மாணவர் அடுத்த பூட்டைக் காட்டுவார். கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்த பிறகுதான் யாரும் கேட்பார்கள். கேரளத்துக் கணக்கு அதுதான். இதை முதலிலேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் 'இவ்வளவு செய்தும் இவர்களுக்குத் திருப்தி இல்லை' என்ற பேச்சு ஆசிரியர் அறையில் கிளம்பும். அந்தப் பேச்சு பல நல்ல முயற்சிகளை முதல் ஆண்டிலேயே நிறுத்தியிருக்கிறது. புகார்கள் வராத ஆண்டில்தான் நீங்கள் விசாரணையைத் தொடங்க வேண்டும்.

கடைசியாக, போய்விட்ட மாணவர். உங்கள் கடிதத்தில் அவரோடு பேசியதாக ஒரு வரியும் இல்லை. பேசுங்கள். திரும்பி வரச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், நட்சத்திரங்களைப் பற்றிக் கேட்க வேண்டாம், மன்னிப்பு கேட்டு அவரைச் சங்கடப்படுத்தவும் வேண்டாம். ஆய்வக நாளன்று காலையிலிருந்து மாலைவரை என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்ல விரும்பினால் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கெடுப்பில் விடுபட்டுப்போனவை எல்லாம் அவரிடம்தான் இருக்கின்றன. அவருக்குப் படிப்பைத் தொடர விருப்பம் இருந்தால், மறுசேர்க்கைக்கு உங்கள் பல்கலைக்கழகத்தில் என்ன நடைமுறை, எதுவரை காலக்கெடு என்று முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொண்டு அழையுங்கள். ஆய்வக அறை மாற்றத்துக்கு முதல்வரின் கையெழுத்தையும் அதற்கு முன்னால் வாங்கிவிடுங்கள். கையில் ஒன்றும் இல்லாமல் அழைத்து 'பார்க்கலாம்' என்று சொல்லக் கூடாது. ஜூன் மாதக் கால அட்டவணை உங்கள் கல்லூரியில் மே இரண்டாம் வாரம் தயாராகும் என்றால், அதற்கு முன்பு இந்த வேலை முடிய வேண்டும். வளாக வரைபடம் இருந்தால் இந்தப் பத்திரிகையின் முகவரிக்கே அனுப்புங்கள். எந்த அறையை மாற்றலாம் என்று குறித்து அனுப்புகிறேன்.